வல்வில்லும் அலகுமுனையும்: பெருவிலங்கு வேட்டையில் அம்பின் ஊடுருவு திறன் – நவிரமலைச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை முதலாக உடும்பு ஈறாக ஐந்து விலங்குகளை வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறுகிறது. இச்செய்தியைப் புகழ்ச்சி மிகை என ஒதுக்குவாரும், வரலாற்று உண்மை என முழுதும் ஏற்பாரும் உளர். அகன்ற வெட்டலகு கொண்ட அம்புமுனை பெருவிலங்கின் உடலில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை அப்பாடலை மறுவாசிப்புச் செய்கிறது. கலசப்பாக்கத்தை அடுத்த பர்வதமலையைப் பாடும் மலைபடுகடாம், செங்கம் வட்டார நடுகற்கள், திருக்குறள், அகத்துறை மரபு, இரும்புக்காலத் தொல்பொருள்கள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பழந்தமிழர் பெருவிலங்கு வேட்டையில் அம்பின் எல்லையை நன்கு அறிந்திருந்தனர் என்பதும், அவ்வறிவே ஓரியின் புகழுக்கு அளவுகோலாக அமைந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: அலகுமுனை, வல்வில், ஓரி, மலைபடுகடாம், நவிரம், நடுகல், கெடுதி வினாதல்

1. முன்னுரை

சங்ககாலப் போர்க்கருவிகள் பற்றிய ஆய்வுகளில் வில்லுக்குரிய இடம் பெரிது. வில்லின் வகை, நாணின் ஒலி, எய்வோரின் தோள்வலி ஆகியன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அம்பு பற்றிய பேச்சோ பெரும்பாலும் கணை, பகழி, வாளி, கோல் எனப் பெயர்களைத் தொகுப்பதோடு அமைந்துவிடுகிறது. விலங்கின் உடலைத் தொடுவது வில்லன்று, அம்பின் முனையே. அம்முனையின் வடிவம், எடை, கூர்மை ஆகியவையே எய்யப்பட்ட விலங்கு அவ்விடத்தே வீழுமா, புண்ணோடு ஓடுமா என்பதை முடிவு செய்கின்றன. எனவே வேட்டை பற்றிய இலக்கியக் கூற்று ஒன்றை மதிப்பிட விரும்புவோர் முதலில் அம்புமுனையின் செயலை அறிதல் வேண்டும்.

இக்கட்டுரையில் 'அலகுமுனை' என்னும் சொல், இருபுறமும் வெட்டுவிளிம்பு கொண்டு இலைபோல் அகன்ற இரும்பு அம்புமுனையைக் குறிக்கும். ஊசிபோல் குவிந்த முனை 'ஊசிமுனை' எனப்படும். 'பெருவிலங்கு' என்பது மான், காட்டுப்பன்றி, கடமா, புலி, யானை ஆகியவற்றைச் சுட்டும். இவற்றுள்ளும் யானைக்கும் மானுக்கும் உள்ள வேறுபாடு இவ்வாய்வில் முதன்மை பெறுகிறது.

2. களம்: கலசப்பாக்கமும் நவிரமலையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். சவ்வாது மலையில் தோன்றும் சேயாறு செங்கம், கலசப்பாக்கம் பகுதிகளின் வழியே பாய்ந்து பாலாற்றில் கலக்கிறது. கலசப்பாக்கம் வட்டத்தில் தென்மகாதேவமங்கலத்தை அடுத்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் பர்வதமலை நிற்கிறது. மலைபடுகடாம் குறிப்பிடும் நவிரமலை இதுவே என அறிஞர் கொள்வர். அப்பாட்டில் சேயாறும் பெயர் சுட்டப்படுகிறது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இதன் பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். கூத்தரை ஆற்றுப்படுத்தும் பாட்டாதலின், வழியின் இடர்களையும் வழித்துணைகளையும் இது வரிசைப்படுத்திச் சொல்கிறது. வேட்டை வரலாற்றுக்கு இவ்வமைப்பு மிகவும் பயன்படுவது. புகழ்ச்சிப் பகுதிகளில் மிகை இருக்கலாம். வழிச்செல்வோர்க்குக் கூறும் எச்சரிக்கையில் மிகைக்கு இடம் குறைவு.

அவ்வெச்சரிக்கைகள் கூறுவன யாவை? தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் பெருங்கல்லாலான பொறிகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை விலக்கிச் செல்லவேண்டும். யானையை விரட்டப் புனங்காவலர் கவணில் வைத்து எறியும் கற்கள் மூங்கிலில் பட்டுத் தெறித்து வரும். மரங்களை மறைவாகக் கொண்டு கடக்கவேண்டும். மலையில் எழும் ஓசைகளைத் தொகுக்குமிடத்தில், புலி பாய்ந்ததால் கணவர் மார்பில் ஏற்பட்ட நெடும்புண் ஆறுவதற்காகக் கொடிச்சியர் பாடும் பாடலும், முள்ளம்பன்றியால் தாக்குண்ட கானவரின் அழுகையும் இடம்பெறுகின்றன. பின்னர் வரும் பகுதியில், வில்லேந்திய கூளியர் கூட்டமாக எதிர்ப்படுவர் என்றும், அவர்கள் ஊனும் கிழங்கும் தந்து வழிகாட்டுவர் என்றும் கூறப்படுகிறது.

இக்குறிப்புகளை ஒன்றாக வைத்து நோக்கினால் ஒரு பகுப்பு தெளிவாகிறது. நவிரமலைச் சூழலில் வில் இருக்கிறது; வில்லாளர் தரும் ஊனும் இருக்கிறது. ஆயினும் பன்றியைக் காக்கும் வேலை கற்பொறிக்கும், யானையை விலக்கும் வேலை கவணுக்கும் உரியனவாக உள்ளன. புலியோடு நேர்ந்த மோதல் வேட்டுவனின் மார்பில் புண்ணாக முடிகிறது. வில்லாளர் நிறைந்த மலையில் பெருவிலங்கிற்கு எதிராக வேறு கருவிகள் ஏன் முன்நிற்கின்றன என்னும் வினாவிற்கு அம்பின் இயல்பே விடை தரவல்லது.

3. அம்புமுனை கொல்லும் முறை

துப்பாக்கிக் குண்டு மிகு விசையால் திசுக்களை அதிரச்செய்து சிதைக்கிறது. அம்பிற்கு அவ்வாற்றல் இல்லை. அலகுமுனை கொல்லும் முறை வெட்டுதலே. நுரையீரல், இதயம், பெருங்குருதிக்குழாய் ஆகியவற்றை விளிம்பால் அறுத்து, குருதி இழப்பால் விலங்கை வீழ்த்துகிறது. ஆகவே இரண்டு நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். முனை உள்ளுறுப்பை எட்டும் அளவு ஆழச் செல்லவேண்டும். எட்டியபோது விளிம்பு மழுங்காமல் இருக்கவேண்டும்.

இவ்விரு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று முரண்படுவதே அம்பு செய்வோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல். அலகு அகன்றால் வெட்டு பெரிதாகும். தோலும் தசையும் தரும் தடையும் பெரிதாகி ஆழம் குறையும். அலகு குறுகினால் ஆழம் கூடும். வெட்டு சிறிதாகிக் குருதி வடிதல் குறையும். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க வில்வேட்டைஞர் ஓவர்ட் இல் அகலத்தைப்போல் மும்மடங்கு நீளமுள்ள ஈரலகு முனையைப் பரிந்துரைத்தார். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நத்தால் பகுதியில் எட் ஆசுபி தொடங்கிய ஆய்வுகளும் நீண்டு குறுகிய ஈரலகு முனையும் எடைமிகுந்த அம்பும் ஆழச்செல்வதற்கு உகந்தவை எனக் கண்டன. பெரிய எலும்பை உடைத்துச் செல்ல ஏறத்தாழ 650 கிரெயின், அதாவது 42 கிராம் எடையாவது அம்பிற்குத் தேவை என்பது அவர் வரையறை.

விளிம்பின் கூர்மை பற்றியும் ஒரு சான்று குறிப்பிடத்தக்கது. வட அமெரிக்காவின் யாகி இனத்தைச் சேர்ந்த இசியிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்சுடன் போப், பல்வேறு வில்களையும் அம்புகளையும் சோதித்து 1923இல் நூலாக வெளியிட்டார். மான்தோல் போர்த்திய பெட்டியில் ஈரலை நிரப்பி எய்து பார்த்தபோது, எரிமலைக் கண்ணாடிக் கல்லால் ஆன முனை எஃகு முனையைவிட ஆழமாகச் சென்றது. மென்திசுவில் விளிம்பின் கூர்மையே முதன்மை பெறுகிறது என்பதை இது காட்டுகிறது. எலும்பில் படும்போது நிலை மாறும்; கல்முனை நொறுங்கிவிடும், இரும்புமுனை தாங்கும்.

யானையின் உடல் இச்சிக்கலை உச்சத்திற்குக் கொண்டுசெல்கிறது. அதன் தோல் சில இடங்களில் ஏறத்தாழ 2.5 செ.மீ. தடிப்புடையது. அதன்கீழ் அகன்ற விலா எலும்புகள் நெருங்கி அமைந்துள்ளன. ஒரு கணக்கீடு இதனை விளக்கும். 40 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 45 மீட்டர் விரைவில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 40 சூல், உந்தம் 1.8 அலகு. 1.5 கிலோகிராம் எடையுள்ள வேலை நொடிக்கு 12 மீட்டர் விரைவில் எறிந்தால் அதன் ஆற்றல் 108 சூல். உந்தம் 18 அலகு. இவை விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்ட அளவுகளே. ஆயினும் உந்தத்தில் வேல் அம்பைப் பத்து மடங்கு விஞ்சுகிறது என்னும் விகிதம் கருதத்தக்கது. தடித்த தோலையும் எலும்பையும் கடந்து செல்வதில் உந்தமே பெரிதும் துணைநிற்கிறது.

4. இரும்பும் முனைவடிவமும்

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அகழாய்வு செய்த அலெக்சாந்தர் ரீ, அங்கும் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள பெரும்பேரிலும் கிடைத்த பொருள்களுக்கு 1915இல் பட்டியல் நூல் வெளியிட்டார். ஆதிச்சநல்லூர் இரும்புப் பொருள்களுள் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு அம்புமுனைகளும் உள்ளன. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்த கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. செங்கத்திற்கு வடமேற்கே, கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. திருவண்ணாமலைக்குத் தெற்கே, கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய மேல்சிறுவள்ளூரில் மூசையில் எஃகு உருக்கிய இடம் ஒன்றைச் சாரதா சீனிவாசன் 1990களில் வெளிப்படுத்தினார். காலத்தால் வேறுபட்ட இச்சான்றுகள் அனைத்தையும் ஒரே மரபாகக் கோத்துவிட இயலாது. வட தமிழகத்து மலைத்தொடரைச் சுற்றி இரும்புத்தொழில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது என்பதை மட்டும் இவற்றால் துணியலாம்.

அம்புமுனை தண்டோடு பொருந்தும் முறை இருவகைப்படும். முனையின் அடியில் நீளும் காம்பை மூங்கில் தண்டின் துளையில் செருகிக் கட்டுவது ஒன்று. முனையின் அடியே குழலாக அமைந்து தண்டை உள்வாங்கிக்கொள்வது மற்றொன்று. முனை எலும்பில் மோதும்போது காம்பு பின்னோக்கித் தள்ளப்பட்டு மூங்கிலைப் பிளக்கக்கூடும். எனவே கட்டின் உறுதி முனையின் கூர்மைக்கு இணையான தேவையாகிறது. முனை நுழைந்தும் தண்டு முறிந்தால், அம்பின் எடை முனைக்குப் பின்னிருந்து உந்தாது. ஊடுருவல் அங்கேயே நின்றுவிடும்.

முனைவடிவத்தைப் பயனோடு பொருத்திப் பார்க்கும் அறிவு பண்டை இந்தியாவில் நிலவியது என்பதற்குக் கௌடலீயரின் அருத்தசாத்திரம் சான்று. வெட்டுவதற்கு, துளைப்பதற்கு, அடிப்பதற்கு என அம்புமுனைகளை அந்நூல் மூன்றாகப் பகுக்கிறது. அவை இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் செய்யப்படும் என்கிறது. வெட்டும் முனையும் துளைக்கும் முனையும் வெவ்வேறு என்னும் இப்பகுப்பு மேற்கண்ட முரணை உணர்ந்தவர்களின் பகுப்பாகும்.

5. ஓரியின் ஓர் அம்பு

கொல்லிமலைத் தலைவன் ஓரியை வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152ஆம் பாடல். கொல்லிக்கும் நவிரத்திற்கும் இடையே மலையமானின் நாடு கிடந்தது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்பதை அகநானூற்றின் 209ஆம் பாடல் தெரிவிக்கிறது. ஆகவே ஓரியின் புகழ் வழங்கிய மலைநிலமும் நன்னனின் பல்குன்றக் கோட்டமும் ஒன்றையொன்று அறிந்த நிலங்களே.

பாடல் கூறும் வரிசை கவனத்திற்குரியது. அம்பு முதலில் யானையை வீழ்த்துகிறது. பின் புலியைக் கொல்கிறது. பின் புள்ளிமான் கலையை உருட்டுகிறது. அடுத்துக் காட்டுப்பன்றியை வீழச்செய்கிறது. இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் தைத்து நிற்கிறது. ஓர் அம்பு ஐந்து உடல்களைக் கடப்பது இயற்பியலால் ஏற்கத்தக்கதன்று. கையால் இழுக்கும் வில்லிலிருந்து செல்லும் அம்பு யானை ஒன்றின் உடலை முழுதும் கடப்பதே அரிது. இராமன் அம்பு மராமரங்கள் ஏழினைத் துளைத்த நிகழ்ச்சியைப்போல இதுவும் தொடர் ஊடுருவல் என்னும் புகழ்ச்சி வடிவத்தைச் சேர்ந்தது.

ஆயினும் புகழ்ச்சிக்குள் இரு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, தடையின் இறங்குவரிசை. தடித்த தோலும் பேருடலும் கொண்ட யானை முதலிலும், சிறிய உடும்பு ஈற்றிலும் வைக்கப்பட்டுள்ளன. இடையில் மான், பன்றி என்னும் முறையில் இவ்வரிசை சற்றே பிறழ்ந்தாலும், விசை குறையக் குறைய விலங்கும் சிறுத்துச் செல்கிறது என்னும் பொதுப்போக்கு நிலைக்கிறது. விசை வற்றாத மாய அம்பைப் பாடும் புலவர்க்கு இவ்வரிசை தேவையில்லை. இரண்டாவது, அம்பு நிற்கும் இடம். நான்கு விலங்குகளைக் கடந்த அம்பு புற்றில் உள்ள உடும்பில் தங்கிவிடுகிறது. புற்றுமண் அம்பைத் தடுத்து நிறுத்தும் இயற்கைச் சுவர். எய்த அம்பைத் தேடிச்செல்லும் வேட்டுவர்க்கு அது பழகிய காட்சி. கூற்று மிகையானது, மிகை கட்டப்பட்ட முறை வேட்டுவ அறிவின் வழிப்பட்டது.

அதே வன்பரணர் கண்டீரக்கோப்பெருநள்ளியைப் பாடிய 150ஆம் பாடலை இதனோடு ஒப்பிடுதல் பயன்தரும். அங்கும் தலைவன் வல்வில் வேட்டுவனாகவே தோன்றுகிறான். குருதி படிந்த கழலோடு வரும் அவன் கொன்றது மான்கூட்டத்தை. அவ்வூனைத் தீயில் சுட்டுப் பசித்த புலவர்க்கும் சுற்றத்தார்க்கும் அளிக்கிறான். இங்கே தொடர் ஊடுருவல் இல்லை, யானையும் இல்லை. வள்ளன்மையைச் சொல்ல வந்த இடத்தில் அன்றாட வில்வேட்டையின் இலக்கு மானாகவே அமைந்துவிடுகிறது. ஒரே புலவரின் இரு பாடல்கள் வில்வேட்டையின் இயல்பு அளவையும் புகழளவையும் தனித்தனியே காட்டுகின்றன.

6. வீழாத யானை, ஓடிய மான்

திருக்குறளில் வில்வேட்டை பற்றிய இரு குறட்பாக்கள் இவ்வாய்வுக்கு நேரடித் தொடர்புடையன. படைச்செருக்கு அதிகாரத்தின் 772ஆம் குறள், காட்டுமுயலை வீழ்த்திய அம்பைவிட யானைமேல் எறிந்து தப்பிய வேலை ஏந்துதல் இனிது என்கிறது. வீரத்தின் இலக்கு உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதே இதன் பொருள். உவமைக்குள் கருவிகளும் இலக்குகளும் இணைக்கப்பட்ட முறையும் நோக்கத்தக்கது. அம்பு முயலோடும் வேல் யானையோடும் சேர்கின்றன. முன்னர்க் காட்டிய உந்தக் கணக்கீடு இவ்விணைப்பின் நடைமுறை அடிப்படையை விளக்குகிறது.

ஊக்கமுடைமையின் 597ஆம் குறள் இன்னும் வெளிப்படையானது. அம்பு பட்டும் தளராது தன் பெருமையை நிலைநிறுத்தும் களிறு அங்கே ஊக்கமுடையார்க்கு உவமையாகிறது. 'புதை' என்னும் சொல்லைப் பரிமேலழகர் அம்புக்கட்டு எனக் கொள்வார். அவ்வுரைப்படி பல அம்புகள் பட்டும் யானை வீழவில்லை. உடலுள் புதைந்த அம்பு எனக் கொள்ளினும், அலகு முழுதும் உட்புகுந்தும் யானை நிற்கிறது. எவ்வுரையைக் கொண்டாலும் உவமை செயற்படுவதற்கு ஒரு பொதுவறிவு தேவை: அம்பு பட்ட யானை பெரும்பாலும் நின்றவிடத்தே வீழாது. கேட்போர் இதனை அறியாராயின் உவமை பொருள்படாது.

அகமரபு வேறொரு திசையிலிருந்து இதையே உறுதிப்படுத்துகிறது. குறிஞ்சித்திணையில் தலைவன் புனங்காக்கும் தலைவியிடமும் தோழியிடமும் வந்து, தன் அம்பு பட்ட விலங்கு இவ்வழி வந்ததோ எனக் கேட்பது கெடுதி வினாதல் எனப்படும். கோவை நூல்களில் இது துறைகளாக வளர்ந்தது. திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என இரு துறைகள் உள்ளன. தலைவனின் கேள்வி உரையாடலுக்கான சாக்கு என்பதைத் தோழியும் அறிவாள், கற்போரும் அறிவர். ஆயினும் சாக்கு நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். அம்பு பட்ட விலங்கு உடனே வீழாமல் ஓடும் என்பதும், எய்தவன் குருதித்தடம் பற்றித் தேடிச்செல்வான் என்பதும் அன்றாட நிகழ்ச்சிகளாக இருந்தமையால்தான் இக்கேள்வி இலக்கிய மரபாக நிலைபெற்றது. அலகுமுனை குருதி இழப்பால் கொல்வதால், எய்தலுக்கும் இறத்தலுக்கும் இடையே ஒரு காலஇடைவெளி உண்டு. அவ்விடைவெளியில்தான் தலைவனும் தலைவியும் சந்திக்கின்றனர்.

7. எய்தோரும் குத்தினோரும்: நடுகற் சான்று

பெயரும் புகழும் பொறித்த நடுகற்கள் வழியில் நிற்பதை மலைபடுகடாம் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் அதே செங்கம் வட்டாரத்திலிருந்து பெருந்தொகையான நடுகற்கள் கண்டறியப்பட்டன. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. பல்லவர் ஆட்சியாண்டுகள் பொறித்த வட்டெழுத்துக் கற்கள் இவற்றுள் சிறப்பிடம் பெறுகின்றன. எருமைகளைக் காத்து மாண்டவனோடு கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூரும் எடுத்தனூர்க் கல் இவ்வட்டாரத்தது.

இக்கற்களில் வீரன் பெரும்பாலும் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கிறான். சிலவற்றில் அவன் உடலில் அம்புகள் தைத்து நிற்கின்றன. ஆநிரைப் பூசலில் வில் முதன்மைக் கருவியாக இருந்தமைக்கு இவை சான்று. மாந்தர் உடல் யானையுடலன்று; அலகுமுனையின் ஆற்றல் அங்குப் போதுமானது.

விலங்கோடு பொருது இறந்தோர்க்கு எடுத்த கற்களை நோக்கினால் வேறுபாடு புலப்படுகிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் அவை புலிக்குத்திக் கல், பன்றிக்குத்திக் கல் என வழங்குகின்றன. எய்தல், எறிதல், குத்துதல் என்னும் மூன்று வினைகளுள் குத்துதலே இப்பெயர்களில் உள்ளது. சிற்பங்களிலும் வீரன் ஈட்டியையோ குறுவாளையோ விலங்கின் உடலில் பாய்ச்சுகிறான். இச்சான்றைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நடுகல் இறந்தோர்க்கே எடுக்கப்படுவது. தொலைவில் நின்று எய்து பிழைத்தோர்க்குக் கல் இல்லை. ஆகவே விலங்குகள் குத்தியே கொல்லப்பட்டன என இதிலிருந்து முடிவு செய்தல் பொருந்தாது. விலங்கு நெருங்கிவிட்ட நிலையில் வில் பயன்படவில்லை என்பதும், அந்நெருக்கத்தில் நின்றவனே நினைவுக்குரியவனாகக் கருதப்பட்டான் என்பதும் மட்டும் தெளிவாகின்றன. 772ஆம் குறளின் மதிப்பீட்டோடு இது ஒத்துச்செல்கிறது.

8. ஒப்பீடு: நஞ்சும் பொறியும் குழியும்

அம்பால் யானையை வேட்டையாடிய மக்கள் உலகில் இல்லாமலில்லை. கென்யாவின் வாட்டா மக்கள் இதில் பெயர்பெற்றவர்கள். அவர்தம் நெடுவில்லை இழுப்பதற்கு மிகுந்த வலிமை வேண்டும். அத்தகைய வில்லைக் கொண்டிருந்தும் அவர்கள் மரநஞ்சு பூசிய அம்பையே யானைமேல் எய்தனர். கலகாரியின் சான் மக்களின் வில் சிறியது, அம்பு மெல்லியது. வண்டின் இளம்புழுவிலிருந்து எடுத்த நஞ்சே அவர்களுக்குப் பெருமானை வீழ்த்தித் தந்தது. கிழக்கு இமயப் பகுதி மக்கள் சிலர் வத்சநாபி நஞ்சைப் பயன்படுத்தினர். நஞ்சு உண்டாயின் அலகின் அகலமும் ஆழமும் இரண்டாம் நிலைக்குச் செல்கின்றன. முனை தோலைக் கடந்தாலே போதும்.

தமிழ்ச் சான்றுகளில் யானைக்கெதிரான முறைகள் வேறு வகையின. கவண்கல் யானையை விரட்டியது. படுகுழி அதனைப் பிடித்தது. குழியில் வீழ்ந்து கரையைக் குத்திச் சரித்து வெளியேறும் யானையைக் கரிகாலனுக்கு உவமையாக்குகிறது பட்டினப்பாலை. வேல் அதனை எதிர்கொண்டது. இவற்றுக்கிடையே வில், மானுக்கும் அதனையொத்த விலங்குகளுக்கும் உரிய கருவியாகவும், யானையின்மேல் தனியாகப் போதாத கருவியாகவும் இடம்பெற்றது. இந்நிலையில் யானையை ஓர் அம்பால் வீழ்த்தினான் எனப் பாடுவது, வேட்டுவச் சமூகத்தின் செவிக்கு எத்துணை வியப்பைத் தந்திருக்கும் என்பதை உணரலாம்.

9. முடிவுரை

புறநானூற்றின் 152ஆம் பாடலை அணுகும் இருவழிகளும் ஒரே குறையை உடையன. அதனை நிகழ்ச்சிக் குறிப்பாக ஏற்போர் அம்பின் இயற்பியலைக் காண்பதில்லை. வெறும் மிகையென ஒதுக்குவோர் மிகை எந்த அளவிலிருந்து தொடங்குகிறது எனக் கேட்பதில்லை. மலைபடுகடாமின் கற்பொறியும் கவணும், குறளின் வீழாத களிறு, கெடுதி வினாதலில் ஓடிய விலங்கு, குத்துதலைப் பெயராகக் கொண்ட நடுகற்கள் ஆகிய நான்கும் அவ்வளவைத் தருகின்றன. அம்பு மானை வீழ்த்தும், ஆயினும் உடனே அன்று. பன்றியும் புலியும் நெருங்கினால் ஈட்டி வேண்டும். யானை அம்பைத் தாங்கி நிற்கும். இவ்வெல்லையை அறிந்த அவையின்முன்தான் வன்பரணர் பாடினார். எல்லையை அறியாதவரிடம் எல்லைகடந்த புகழ் எடுபடாது.

இம்முடிபை இன்னும் உறுதிப்படுத்தும் வழி தொல்பொருள்களில் உள்ளது. அகழாய்வில் கிடைக்கும் அம்புமுனைகளின் நீளத்தோடு, அகலம், எடை, விளிம்புக் கோணம், காம்பு அல்லது குழலின் உள்விட்டம் ஆகியவையும் பதிவு செய்யப்படவேண்டும். துருவால் எடை கூடியும் விளிம்பு மழுங்கியும் இருக்குமாதலின், ஊடுகதிர்ப் படத்தால் உள்ளிருக்கும் உலோகத்தின் வடிவை அறிதல் நன்று. நீள அகல விகிதம் தெரிந்தால் வெட்டுமுனை எது, துளைமுனை எது என வகைப்படுத்தலாம். குழலின் விட்டம் தெரிந்தால் தண்டின் பருமனையும் அதனால் அம்பின் எடையையும் ஏறத்தாழக் கணிக்கலாம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 நடைமுறையிலுள்ள இந்நாளில் இவற்றை உயிருள்ள விலங்கில் சோதித்தல் இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. ஒத்த எடையும் வடிவும் கொண்ட படிமுனைகளை ஊன்பசைக் கட்டிகளிலும் பதனிட்ட தோலிலும் எய்து அளந்தறியலாம். அவ்வளவுகள் கிடைக்கும்போது, நவிரமலைக் கூளியரின் கையிலிருந்த வில் எந்த விலங்குவரை செல்லவல்லது என்பதை இலக்கியத்தையும் இரும்பையும் ஒருங்கு வைத்து உரைக்கமுடியும்.